கொடைக்கானல் மேட்டு பங்களா: இடிப்பதா, காப்பாற்றுவதா?

பிப்ரவரி 9, கேள்வி

"கொடைக்கானலில் ஒரு மேட்டில் இருக்கிற பழைய கருங்கல் பங்களா பாகப்பிரிவினையில் எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தது. சுவரெல்லாம் ஓதம், கூரை ஒழுகுகிறது, ஒரு அறையில் மரத்தளம் உள்வாங்கிவிட்டது. மதுரையிலிருந்து தெரிந்த இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் லாபம், பழசுக்குச் செய்கிற செலவு ஆற்றில் போட்ட மாதிரி என்கிறார். இங்கே யாருக்காவது அனுபவம் உண்டா?" (திருநகர் வாசகர் ஒருவர்)

பிப்ரவரி 9, இரவு

இடிக்காதீர்கள். காரணத்தை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஆள் வைத்துக் கொத்த ஆரம்பித்துவிடக் கூடாதே என்றுதான் இப்போதே இதைப் போடுகிறேன்.

பிப்ரவரி 10

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மதுரையில் கட்டட மேற்பார்வைதான் தொழில். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர்ச் சரிவில் இதே மாதிரி ஒரு பங்களாவைச் சரிசெய்கிற வேலையில் பல மழைக்காலம் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற மூன்று நோயும் அங்கேயும் இருந்தன. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழி அடைபட்டிருந்தது. வயதாகிவிட்டதால் வந்த நோய் இல்லை அது.

முதலில் வீட்டின் மேட்டுப் பக்கத்துக்குப் போய் நின்று பாருங்கள். மலையில் நூறு வருடத்தில் மேலே இருக்கிற மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வந்து சுவரோடு அணைந்துவிடும். அந்தப் பக்கம் வெளித்தரை உள்தளத்தைவிட உயரமாக ஏறியிருக்கும். கட்டியவர்கள் அங்கே ஒரு கல் வாய்க்கால் விட்டிருப்பார்கள், அது மண்ணுக்கடியில் புதைந்திருக்கும். மரத்தளத்துக்கு அடியில் காற்று போக சுவரின் கீழே சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள், அதையும் மண் மூடியிருக்கும். காற்று நின்றால் பலகை அழுகும், அழுகினால் தளம் உள்வாங்கும். உங்கள் அறையில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மண்ணை எடுத்து வாய்க்காலைத் திறந்துவிட்டாலே பாதி வியாதி போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: அந்த மண்ணை ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் வாரக் கூடாது. அஸ்திவாரத்தை ஒட்டி இருக்கிற மண்ணும் அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆள் வைத்து, துண்டு துண்டாக, ஒரு துண்டை முடித்துக் கல் அடுக்கிய பிறகு அடுத்த துண்டு.

பிப்ரவரி 10, மாலை

எழுதாமல் விட்டது: புகைபோக்கி. குளிர்காயும் அடுப்பை இப்போது யாரும் எரிப்பதில்லை, அதனால் மழை இறங்குகிறது என்று மேல்வாயை சிமெண்ட் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அந்தச் சுவர்தான் வீட்டிலேயே அதிகமாக ஓதம் காக்கும். மேலே ஒரு குல்லாய் போட்டு, பக்கவாட்டில் காற்று போக வழி விடுங்கள். குரங்குக்குக் கம்பி வலை. கொடைக்கானல் குரங்குக்குச் சாதாரண வலை ஒரு நாள் வேலை, நல்ல கனத்தில் போடுங்கள்.

பிப்ரவரி 12

"சுவர் ஓதத்துக்கு சிமெண்ட் பூசி வாட்டர்புரூப் பெயிண்ட் அடித்தால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு நீட்டம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் நான் பார்த்த பழைய வீடுகளை அதிகம் கெடுத்தது இந்த யோசனைதான்.

பழைய சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரம் உள்ளே வரத்தான் செய்யும். கல் தண்ணீரை லேசில் விடாது, அதனால் ஈரம் சுண்ணாம்பு மூட்டு வழியாக வெளியே வந்து வெயிலில் காய்ந்துபோகும். சுவர் அப்படித்தான் நூறு, நூற்றைம்பது வருடம் நின்றது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத் துணியை பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிய கதைதான். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே மேலே ஏறி, சிமெண்ட் பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் வெளிவரும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இடுப்புக்கு ஏறும், அங்கேயும் பூசுவார்கள், பிறகு ஜன்னல் உயரம். உப்பும் கூடவே ஏறிப் பொரிந்து பூச்சைத் தள்ளும். கல் மூட்டுகளில் சிமெண்ட் அடைக்கிற பாயிண்டிங்கும் இதே கேடுதான். மூட்டு கல்லைவிட இறுகிப்போனால் ஈரம் கல்லின் ஓரத்தைத் தேடும், ஓரம்தான் உதிரும். சுண்ணாம்பு மூட்டு தேய்ந்தால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். தேய்ந்த கல்லை என்ன செய்ய முடியும்?

நான் வேலை பார்த்த வீட்டில் எனக்கு முன்னால் வந்த ஒரு காண்டிராக்டர் உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொத்தி எடுத்தபோது உள்ளே சாந்து கையில் ஈர மண்ணாக வந்தது. வேலையிலேயே எனக்கு மனசு வலித்த நாள் அது. ஆனால் கொத்தியெடுத்த சுவரை ஒன்றும் செய்யாமல் ஒரு கோடை முழுக்கக் காற்றாட விட்டோம், மழை வருவதற்குள் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருந்தது.

பிப்ரவரி 12, இரவு

சுண்ணாம்பு, முட்டை, கடுக்காய் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "முட்டை ஊற்றிக் கட்டியதால்தான் பலம்" என்பது பாதிதான் சரி. முட்டையின் வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுக்கு. பளிங்கு மாதிரி மினுமினுப்பு வேண்டிய இடத்தில், மெல்லிசாக. திருமலை நாயக்கர் மகால் தூண்களில் பார்க்கிறோமே, அந்த வேலை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் போகிற சாந்தில் அது இல்லை. அங்கே தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பு, மணல், சில இடத்தில் செங்கல் தூள். கூடவே கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர். கடுக்காயைத் தட்டிப் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் புளிக்க விடுவார்கள், பக்கத்தில் நிற்க முடியாது. அந்த நாற்றம் வந்தால்தான் கொத்தனார் திருப்தியாகத் தலையாட்டுவார்.

சுண்ணாம்பு ஒரே நாளில் இறுகாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்துத்தான் மறுபடி கல்லாக மாறும். மேலிருந்து உள்ளே ஒரு மில்லிமீட்டர் போக ஒரு மாதம் என்று சுண்ணாம்பு வேலைக்காரர்கள் தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள். அதனால் கனமாக ஒரே பூச்சு கூடாது, மெல்லிசாகப் பல பூச்சு. பூசியதும் வெயில் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயுவை இழுப்பதற்குள் காய்ந்து பொடியாகும். மலையில் இன்னொரு தொல்லை பனி. மார்கழி, தை ராத்திரியில் ஏரிப் பக்கம் புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஈரமான பூச்சில் அந்த உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். மாசியில் ஆரம்பித்து வைகாசிக்குள் பூச்சு வேலையை முடிப்பதுதான் நல்லது.

நீறாத சுண்ணாம்பை மூட்டையாக லாரியில் மலைக்கு ஏற்றாதீர்கள். வழியில் மழை பிடித்தால் மூட்டைக்குள்ளேயே கொதிக்க ஆரம்பிக்கும், தீப்பிடித்தாலும் பிடிக்கும். அடிவாரத்திலேயே குழி வெட்டி நீற்றி, வெண்ணெய்ப் பதத்தில் டிரம்மில் ஏற்றுங்கள். கண்ணில் தெறித்தால் பார்வை போகும், ஆட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 15

"அடிமைக் காலத்துச் சின்னம், விழுந்தால் விழட்டுமே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். கொடைக்கானல் பங்களாக்களின் கதை மதுரையில்தான் தொடங்குகிறது. 1821ல் வார்டு என்கிற ராணுவ அதிகாரி மலையை அளந்தார். 1834ல் மதுரை சப்-கலெக்டர் ரௌட்டன் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூரில் சின்னதாக ஒரு பங்களா கட்டினார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த இடம் தேடி முதலில் பார்த்தது சிறுமலையை, அங்கேயும் காய்ச்சல். அப்புறம்தான் 1845ல் கொடைக்கானலில், பாம்பே சோலைக் காட்டுக்குப் பக்கத்துத் தெற்கு மேட்டில், சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களா எழும்பின. ஏரி அதற்குப் பிறகு, 1863ல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் முயற்சியில் வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1875ல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரைக்கும்தான். இன்றைக்குக் கொடைரோடு. அங்கே இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத் தோப்புக்குப் போய், விடியற்காலையில் ஆள் தூக்குகிற நாற்காலியிலோ டோலியிலோ மட்டக்குதிரையிலோ ஏற வேண்டும். மோட்டார் சாலை 1914–16 வாக்கில்தான் வந்தது. அதுவரைக்கும் துரை ஏறியதும் தோளில்தான், அவர் வீட்டுக் கண்ணாடியும் இரும்பும் பியானோவும் ஏறியதும் தோளில்தான். கல்லை உடைத்ததும் சாந்து குழைத்ததும் நம் ஜில்லாக்காரர்கள். அந்தச் சுவரில் ஒரு மூட்டைச் சுரண்டினால் விரல் தடம் இருக்கும், யார் விரல் என்று நினைக்கிறீர்கள்? வீட்டை விழவிட்டால் துரை பெயர் எப்படியும் புத்தகத்தில் இருக்கும். தூக்கியவர்களுக்கு இருக்கிற ஒரே சாட்சிதான் போகும்.

அதனால்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: வீட்டுக்குப் பின்னால் வேலையாட்கள் இருந்த வரிசை அறைகள் இருக்குமே, எல்லோரும் முதலில் இடிப்பது அதைத்தான், கார் நிறுத்த. அதை முதலில் காப்பாற்றுங்கள். பெரும்பாலும் மண்சாந்துச் சுவர், பெரிய வீட்டைவிடச் சீக்கிரம் கரையும்.

பிப்ரவரி 16

கேட்டவருக்கு ஒரு குறிப்பு. கொடைக்கானல் 1985ல் திண்டுக்கல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் மதுரை மாவட்டம். பழைய பத்திரம், சர்வே கணக்கு எல்லாம் திண்டுக்கல்லில் கிடைக்கவில்லை என்றால் மதுரையிலும் தேடுங்கள். மிஷன் சம்பந்தப்பட்ட நிலமாக இருந்தால் செண்பகனூரில் சேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது, அனுமதி கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 19

திருநகர் நண்பர் ஓட்டின் படம் போட்டிருக்கிறார், மகிழ்ச்சி. ஓட்டில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று இருக்கிறதாம், அதனால் வீடு 1865ல் கட்டியது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். எடுத்துக்கொள்ள முடியாது. 1865 என்பது பாசல் மிஷன்காரர்களின் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம், அதை முத்திரையாகவே போட்டார்கள். ஓடு அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கழித்து வந்ததாக இருக்கலாம். முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்கிற கம்பெனி கைக்குப் போய்விட்டன, ஆகவே பாசல் மிஷன் பெயர் இருக்கிற ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தியது. இது உருப்படியான தகவல். ஆனால் கூரையை மாற்றியிருக்கலாம், வீடு ஓட்டைவிடப் பழசாகவும் இருக்கலாம்.

கூரையைப் பற்றி: ஓட்டை முழுக்க இறக்குவதற்கு முன் அதைத் தாங்குகிற கைமரங்களின் முனையைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கிற முனைதான் அழுகியிருக்கும், நடுமரம் நன்றாகவே இருக்கும். அழுகிய முனையை மட்டும் அறுத்துவிட்டு, புது மரத்தை மூட்டுப் போட்டுச் சேர்க்கத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் மரச்செலவில் பெரும்பகுதி மிச்சம். எங்களுக்குக் கிடைத்தவர் உசிலம்பட்டிப் பக்கம். ஒவ்வொரு மரத்தையும் உளி முனையால் குத்திப் பார்த்து சாக்பீஸில் குறி போட்டார், நாங்கள் தூக்கிப்போட நினைத்த மரங்களில் நிறைய அவர் குறியால் தப்பின. இரண்டு கூரை சேர்கிற பள்ளத்தில் போட்டிருக்கிற தகரத்தில்தான் ஒழுகல் இருக்கும், யூகலிப்டஸ் இலை அங்கே மக்கிக் கிடக்கும். மழைக்கு முன்னால் ஆள் ஏற்றிக் கூட்டுங்கள். இந்தச் செலவு ஒரு நாள் கூலிதான்.

பிப்ரவரி 20

காட்டுமாடு வரும், முன்பக்க வேலியைக் கருங்கல்லில் உயரமாகக் கட்டலாமா என்று கேட்ட நண்பருக்கு: கட்டினால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். விடாவிட்டால் மழையில் முதுகில் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். மாடு அதன் வழியில் போய்விடும், அதற்கும் வழி விட வேண்டும்.

பிப்ரவரி 24

சில நாளாக என்னை அரிக்கிற விஷயம் ஒன்று. "எந்தக் காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது" என்ற கேள்வியை யாரும் இங்கே எழுப்பவில்லை. செண்பகனூர் வீட்டில் முன்பக்கம் ஒரு வராந்தா பிற்பாடு சேர்த்தது. சிவப்பு ஆக்சைடு தரை, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த குடும்பம் போட்டது. அசல் முகப்பை அது மறைக்கிறது, எடுத்துவிடலாம் என்ற பக்கமே நானும் சாய்ந்திருந்தேன். பழைய படத்தில் இருக்கிற மாதிரி வீடு நிமிர்ந்து நிற்கும் என்று ஆசை. அப்புறம் அந்தத் தரையில் கொத்தனார்கள் மத்தியானம் சாய்ந்து தூங்குவதைப் பார்க்கப் பார்க்க, தரையின் வழவழப்பைத் தொட்டுப் பார்க்க, மனசு மாறியது. அதுவும் ஒரு நல்ல கைவேலை. இன்றைக்கு அப்படி ஆக்சைடு தேய்க்கிற ஆள் கிடைப்பதே கஷ்டம். வராந்தா சுவரைக் கெடுக்கவும் இல்லை, சாரலிலிருந்து காக்கத்தான் செய்கிறது. வைத்துக்கொண்டோம்.

இப்போது என் அளவுகோல் இதுதான்: பிற்காலத்தில் சேர்த்தது வீட்டுக்குக் கேடு செய்கிறதா? செய்தால் எடு, சிமெண்ட் பூச்சு மாதிரி. செய்யாவிட்டால் அதுவும் வீட்டின் வரலாறுதான். மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1636ல் கட்டியது, திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக, சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் 1866–72ல் பழுதுபார்க்கச் செய்தார். நாம் இன்று பார்ப்பது நாயக்கர் வேலையும் நேப்பியர் காலத்து வேலையும் கலந்ததுதான். பின்னதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று யாராவது சொல்வோமா? இருந்த மிச்சத்தை அவர்கள் தாங்கிப் பிடித்ததால்தான் நமக்கு ஒரு மகால் இருக்கிறது.

பிப்ரவரி 25

மதுரைப் பசுமலையில் இருக்கிற பங்களாவும் இந்த மாதிரி மலைமேல் வீடுதானே என்று கேட்டவருக்கு. ஆமாம், அதுவும் மலைமேல்தான், மதுரை ஹார்வி மில்லின் பொதுமேலாளர் இருந்த வீடு. மில் 1892ல் வந்தது. பங்களா இப்போது ஓட்டல். அங்கே காப்பி குடிக்கக் கொடுக்க வேண்டிய விலை நம்மில் பலருக்குக் கட்டாது, ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆள் புழங்குகிற வீடுதான் நிற்கும். மதுரைத் தமுக்கமும் அப்படித்தான். ராணி மங்கம்மாளின் மாளிகை, கும்பினிக் காலத்தில் கலெக்டர் வீடு, 1959லிருந்து காந்தி மியூசியம். பூட்டிப்போட்ட வீட்டை எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது. ஜன்னல் தினமும் திறக்க ஒரு ஆள் இருந்தால் போதும், ஓதம் பாதி குறையும். அதனால் செலவுக் கணக்கு போடும்போது காவல்காரர் குடும்பத்துக்கு ஒரு நல்ல அறையும் சம்பளமும் முதலிலேயே எழுதுங்கள்.

மார்ச் 2

"அப்போ இன்ஜினியர் சொன்ன மலிவுக் கணக்கு?" என்று திருநகர் நண்பர் திரும்பக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கணக்கில் இடித்த கல்லைக் கீழே இறக்குகிற கூலி இருக்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட், கம்பி, மணல் எல்லாம் மலைக்கு ஏற்றுகிற வாடகை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்ட நகராட்சி அனுமதியோடு, 1990ல் வந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் உண்டு. இடிக்க ஒரு வாரம் போதும், அதன் பிறகு அனுமதிக்காகக் காலி மனையோடு காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பழுதுபார்ப்பதை வருடம் கொஞ்சமாகப் பிரித்துச் செய்யலாம், புது வீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது. கைப்பணம் குறைவாக இருக்கிற குடும்பத்துக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

இந்த வருடம் செய்ய வேண்டியது மட்டும் சொல்கிறேன். மேட்டுப் பக்க மண்ணையும் வாய்க்காலையும் ஆடிக்குள் முடியுங்கள். கூரைப் பள்ளத்துத் தகரத்தை மாற்றுங்கள். உள்ளே சிமெண்ட் பூச்சு இருந்தால் ஒரு அறையில் மட்டும் கொத்தியெடுத்து அப்படியே விடுங்கள், பெயிண்ட் வேண்டாம். பழைய சாந்து ஒரு கட்டி எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதிப் பையில் போட்டு வையுங்கள். அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் நிற்கும், எந்த மணல், எவ்வளவு என்று பார்த்து அதே கலவையைக் குழைக்கலாம். கட்டடப் பரிசோதனைக் கூடங்களில் செய்து தருவார்கள், வீட்டில் முயல வேண்டாம். பூச்சு வேலை அடுத்த மாசியில்.

ஐப்பசி மழை முடிந்ததும் படம் போடுங்கள். மேட்டுப் பக்கச் சுவர், அடியிலிருந்து கூரை வரைக்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி. பூச்சு வேலைக்கு எந்தக் கொத்தனார் என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.